ஆன்லைனில் காபிக்கொட்டை: கொடுக்கிற காசு தோட்டத்துக்குப் போகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் காபிக்கொட்டை ஆர்டர் போடுவது நான்தான். மாமா வீட்டுக்குத் தாண்டிக்குடிப் பக்கம், கீழ்ப் பழனி மலையில் மூன்று ஏக்கர் காபி இருக்கிறது. வாங்குகிற பக்கமும் விற்கிற பக்கமும் கொஞ்சம் தெரிந்தவன் என்பதால் சொந்தக்காரர்களும் ஆபீஸ் நண்பர்களும் "எந்தக் கொட்டை வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

250 கிராம் பாக்கெட் 500 ரூபாய் என்பது கொள்ளை இல்லையா?

கொள்ளையா இல்லையா என்று கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும், கணக்கும் கஷ்டமில்லை. செடியில் பழுத்த பழத்தை மெஷினில் விட்டுத் தோலை உரித்து, வழுவழுப்புப் போக ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயப்போட்டால் மெல்லிய ஓட்டோடு ஒரு கொட்டை கிடைக்கும், அதுதான் பார்ச்மெண்ட். விலை பேசுவது 50 கிலோ மூட்டைக்கு. அந்த மூட்டையை க்யூரிங் ஒர்க்ஸில் கொடுத்து ஓட்டை நீக்கினால் சுமார் 40 கிலோ பச்சைக்கொட்டை தேறும். வறுத்தால் எடையில் 15 முதல் 20 சதவீதம் போய்விடும், ஆக 40 கிலோ 33 கிலோவாகிறது.

காபியில் அராபிகா, ரோபஸ்டா என்று இரண்டு முக்கிய வகை. கணக்குக்காக அராபிகா பார்ச்மெண்ட் மூட்டை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20,000-ஐ 33-ஆல் வகுத்தால் வறுத்த கொட்டை கிலோவுக்கு 606 ரூபாய், அப்படியென்றால் 250 கிராம் பாக்கெட்டுக்குள் கொட்டைக் காசு மட்டுமே 150 ரூபாய். மீதி 350-இல்தான் க்யூரிங் கூலி, லாரி, உடைந்ததும் கறுத்ததுமான கொட்டையைப் பொறுக்கி எறிந்த நஷ்டம், வறுக்கிறவர் சம்பளம், கேஸ், வால்வு வைத்த பை, 5 சதவீதம் ஜிஎஸ்டி, கூரியர், விற்பனைத் தளத்தின் கமிஷன், விளம்பரம், கடைசியாக லாபம் எல்லாம் அடங்க வேண்டும். என் கணக்கில் 500 கொள்ளை இல்லை. 900 என்றால் கேள்வி கேட்பேன். சுத்தமான அராபிகா 120 ரூபாய் என்று யாராவது போட்டிருந்தால் அதைவிடப் பெரிய கேள்வி கேட்பேன், ஏனென்றால் கொட்டைக் காசே அதில் அடங்கவில்லை. ஒன்று அது அராபிகா இல்லை, இல்லையென்றால் பொறுக்கி ஒதுக்கிய உடைசல், அதுவும் இல்லையென்றால் எங்கோ ஒரு களத்தில் யாரோ ஒருவர் அடிமாட்டு விலைக்கு விற்றிருக்கிறார்.

மூட்டை விலை தினமும் மாறும். மத்திய அரசின் காபி வாரியம் தன் இணையதளத்தில் அன்றாட விலையைப் போடுகிறது. அராபிகா பார்ச்மெண்ட், அராபிகா செர்ரி (தோல் உரிக்காமல் பழமாகவே காயவைத்தது), ரோபஸ்டா பார்ச்மெண்ட், ரோபஸ்டா செர்ரி என்று நான்கு விலை, எல்லாம் 50 கிலோவுக்கு. வாங்குவதற்கு முன் அதைப் பார்த்து மேலே சொன்ன வகுத்தலைப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

அப்போ விலை கூடுதலாக இருந்தால் விவசாயிக்கும் கூடுதலாகப் போகும், அப்படித்தானே?

இல்லை. பெரும்பாலும் அந்தக் கூடுதல் காசு பைக்கும் படத்துக்கும் பெங்களூரில் கடை வாடகைக்கும் போகிறது. விலை மிகக் குறைவாக இருந்தால் தோட்டத்துக்குச் சரியான காசு போகவில்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம், ஆனால் விலை அதிகம் என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. 800 ரூபாய்ப் பாக்கெட்டில் விவசாயிக்குப் போனது 150 ஆக இருக்கலாம், 450 ரூபாய்ப் பாக்கெட்டில் 190 ஆக இருக்கலாம். பையைப் பார்த்தால் தெரியாது, கேட்டால்தான் தெரியும். என்ன கேட்பது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

ஊரில் காபி எப்படித்தான் விற்பனையாகிறது? நடுவில் யார் யார் இருக்கிறார்கள்?

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், மீதி எல்லாக் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

மாமா தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, நடுவில் மலைவாழை, அதன் அடியில் காபி. நவம்பரில் பழம் சிவக்க ஆரம்பிக்கும். எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது, அதனால் அராபிகாவை மூன்று நான்கு சுற்று பறிக்க வேண்டும். சிவந்ததை மட்டும் பார்த்துப் பறித்தால் கூலி கூடும், ஒரேயடியாகக் கொப்போடு உருவினால் கூலி குறையும், தரமும் குறையும். நான் ஒரு நாள் முழுக்கப் பறித்துப் பார்த்தேன். பழகிய பெண்கள் பறித்ததில் பாதிகூட என் சாக்கில் இல்லை, முதுகு மட்டும் அவர்களைவிட இரண்டு மடங்கு வலித்தது. ஒரு கிலோ பச்சைக்கொட்டைக்குச் சுமார் ஆறு கிலோ பழம் வேண்டும், வறுத்த கொட்டை என்றால் ஏழு கிலோவைத் தாண்டும்.

சின்னத் தோட்டக்காரர் இதை மூன்று விதமாக விற்கலாம். பறித்த அன்றே பழமாக எடை போட்டு விற்கலாம், காசு உடனே வரும், விலை குறைவு. அப்படியே வெயிலில் காயவைத்துச் செர்ரியாக விற்கலாம். தோல் உரிக்கும் மெஷினும் தண்ணீரும் களமும் இருந்தால் பார்ச்மெண்டாக்கி விற்கலாம், விலை அதிகம், வேலையும் அதிகம், பத்து நாள் மேகம் மூடிக்கொண்டால் பூஞ்சணப் பயமும் உண்டு.

ஒரு ஜனவரியில் மாமா களத்தில் உட்கார்ந்திருந்தேன். வியாபாரி வந்தார், பார்ச்மெண்டில் ஒரு கைப்பிடி அள்ளி, ஓட்டை நகத்தால் உரித்து, கொட்டையைப் பல்லில் வைத்துக் கடித்தார். "ஈரம் இருக்குண்ணே, மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சிக்கிறேன்." மாமா, "நாலு நாளா சுள்ளுன்னு வெயில் அடிக்குதுப்பா, ஈரம் எங்கேர்ந்து வரும்?" என்றார். அவர் சிரித்தாரே தவிர இறங்கி வரவில்லை. மாமாவும் அதற்கு மேல் பேசவில்லை. பிறகு அத்தைதான் சொன்னார்: ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அந்த வியாபாரியிடம் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். முன்பணம் வாங்கியவர் இன்னொருவரிடம் விலை கேட்க முடியாது, அதுதான் அங்கே சட்டம். இங்கே வியாபாரியைக் கெட்டவராக்கிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஜூன் மாதத்தில் அடமானம் இல்லாமல் அன்றைக்கே காசு கொடுக்க அந்த மலையில் வேறு யாரும் இல்லை என்பதும் உண்மை.

அங்கிருந்து சரக்கு பட்டிவீரன்பட்டிக்கு இறங்கும். காபி வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஊர் அது. (சென்னை பாண்டி பஜார் யார் பெயரில் இருக்கிறதோ அந்த சௌந்தரபாண்டியனார் இந்த ஊர்க்காரர், காபித் தோட்ட முதலாளியும்கூட.) க்யூரிங், தரம் பிரிப்பு முடிந்து ஏற்றுமதியாளருக்கோ வறுப்பவருக்கோ போகும். இந்தியக் காபியில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குத்தான் போகிறது, நாம் ஆன்லைனில் வாங்குவது அதில் ஒரு சிட்டிகை.

2024, 2025-இல் காபி விலை எகிறியதே, விவசாயிகளுக்குக் கொண்டாட்டம்தானே?

சிலருக்கு. பிரேசிலில் வறட்சி, வியட்நாமில் வறட்சி என்று சேர்ந்து வந்ததில், 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 4 டாலரைத் தாண்டியது. சரக்கைக் கிட்டங்கியில் வைத்துக் காத்திருக்க முடிந்தவர்கள் நன்றாகவே பார்த்தார்கள். முன்பணம் வாங்கியவர்கள், பழமாகவே விற்றுவிட்டவர்கள், விலை ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்னால் கல்யாணச் செலவுக்காகக் களத்தைக் காலி செய்தவர்கள் எல்லாரும் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

இதற்கு நேர் எதிரான காலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1962 முதல் நாடுகளுக்கிடையே ஒரு காபி ஒப்பந்தம் இருந்தது, யார் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்ற ஒதுக்கீடு விலையை ஓரளவு தாங்கிப் பிடித்தது. 1989 ஜூலையில் அந்த ஒதுக்கீடு நின்றுபோனது. வியட்நாம் பெரிய அளவில் பயிரிட ஆரம்பித்தது. 2001-இல் விலை பவுண்டுக்கு 50 சென்டுக்கும் கீழே விழுந்தது. பறிப்புக் கூலி கொடுத்தால் கட்டாது என்று பழத்தை மரத்திலேயே விட்ட வருடங்கள் அவை. இங்கேயும் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குத்தான் சரக்கைக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு தொண்ணூறுகளில் படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் முழுக்கப் போயிருந்தது. யாருக்கும் விற்கலாம் என்ற சுதந்திரம் கிடைத்து ஐந்தே வருடத்தில் உலகச் சந்தை தலைமேல் விழுந்தது. அதனால் மாமா மாதிரி ஆட்கள் உச்ச விலையைக் கேட்டு வாயைப் பிளப்பதில்லை. அவர்கள் கேட்பது வேறு: விழும்போது எதுவரை விழும்?

அதற்குத்தானே ஃபேர்டிரேட் முத்திரை?

அதற்குத்தான். ஃபேர்டிரேட் என்பது விளைவிப்பவருக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பதற்கான சர்வதேசச் சான்று. விலை எவ்வளவு விழுந்தாலும் இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று ஒரு தரை போடுகிறார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்குப் பவுண்டுக்கு 1.80 டாலர். அதற்கு மேல் 20 சென்ட் சங்கத்தின் பொது நிதிக்கு, இயற்கை வேளாண்மைச் சான்று இருந்தால் இன்னும் 40 சென்ட். சந்தை விலை அதைவிட அதிகமாக இருந்தால் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். 2001-இல் சந்தை 50 சென்டுக்குக் கீழே கிடந்தபோது இவர்கள் விலை பொது நிதியும் சேர்த்து 1.26 டாலர். அந்த வருடம் இந்த முத்திரைக்குள் இருந்தவர்களுக்கும் வெளியே இருந்தவர்களுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் இரண்டு விஷயம். அந்த 1.80 டாலர் விவசாயி கையில் விழுகிற காசு இல்லை, ஏற்றுமதிக் கட்டத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிற விலை, க்யூரிங், லாரி, சங்கச் செலவு எல்லாம் கழிந்துதான் வீட்டுக்கு வரும். அடுத்தது, சான்றுக்குக் கட்டணமும் கணக்கு வழக்கும் உண்டு, மூன்று ஏக்கர்க்காரர் தனியாக வாங்கக் கூடிய விஷயம் இல்லை, சங்கமாகச் சேர்ந்தால்தான் நடக்கும். மாமாவிடம் இந்த முத்திரை இல்லை. அதனால் அவர் காபி அநியாயக் காபி ஆகிவிடாது. முத்திரை இருந்தால் நல்லது, இல்லாததை வைத்து யாரையும் தள்ளிவிட வேண்டாம்.

பச்சைத் தவளை படம் போட்ட முத்திரை?

ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்ற அமைப்பின் சான்று. காடு, தண்ணீர், தொழிலாளர் நிலைமை பற்றிய விதிகள் உண்டு, ஃபேர்டிரேட் மாதிரி குறைந்தபட்ச விலை கிடையாது. வாங்குகிறவர் கொஞ்சம் மேலே போட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள், அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது அவர்கள் இருவருக்குள். பெரிய எஸ்டேட்களிடம் இந்த முத்திரையை அதிகம் பார்க்கலாம்.

"டைரக்ட் டிரேட்", "சிங்கிள் எஸ்டேட்" என்றெல்லாம் பையில் எழுதியிருக்கிறதே?

டைரக்ட் டிரேட் என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். சிலர் உண்மையிலேயே களத்துக்கு வந்து, கோப்பையில் ருசி பார்த்து, சந்தை விலைக்கு மேலே கொடுத்து வாங்குகிறார்கள். சிலருக்கு வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்குப் போய் செல்ஃபி எடுப்பதுதான் டைரக்ட். சிங்கிள் எஸ்டேட் என்றால் ஒரே தோட்டத்துக் கொட்டை என்று மட்டும்தான் பொருள், அது ருசி பற்றிய தகவல். நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் எஸ்டேட் முதலாளிக்கு உங்கள் இரக்கம் தேவையில்லை. அங்கே கேட்க வேண்டியது பறிக்கிறவர்களுக்கு என்ன கூலி, வருடம் முழுக்க வேலை உண்டா, தங்குகிற வீடு எப்படி இருக்கிறது என்பது.

இது நம்மில் பலர் விடுகிற இடம். "விவசாயிக்கு நியாயம்" என்று பேசும்போது மனதில் வருவது தோட்டத்துக்குச் சொந்தக்காரர். பறிப்பவர்கள், அதிலும் பெண்கள், பருவத்துக்கு மட்டும் வெளி மாநிலத்திலிருந்து குடகுக்கும் சிக்கமகளூருக்கும் வருகிற குடும்பங்கள், பையின் படத்தில் சிரிப்பார்களே தவிர விலைப் பேச்சில் வருவதில்லை. நான் மாமாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வியாபாரி இரண்டு கிலோ கழித்ததற்கு ஒரு வாரம் புலம்பியவர், பறிப்புக் கூலியைப் பத்து ரூபாய் ஏற்றச் சொன்னபோது ஏகத்துக்கும் பேரம் பேசினார்.

சரி, விற்பவரிடம் என்ன கேட்பது?

நான் அனுப்புவது இவ்வளவுதான், வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். உங்கள் 250 கிராம் அராபிகா வாங்கலாம் என்றிருக்கிறேன். இந்தக் கொட்டை எந்த ஊர், எந்தத் தோட்டம் அல்லது எந்தச் சங்கம்? எந்தப் பருவத்தில் பறித்தது? தோட்டத்துக்குக் கிலோவுக்கு என்ன விலை கொடுத்தீர்கள், அது பார்ச்மெண்டுக்கா பச்சைக்கொட்டைக்கா? காசை எப்போது கொடுத்தீர்கள், முன்னாலா, சரக்கு வந்தபோதா, விற்ற பிறகா? போன வருடமும் இவர்களிடம்தான் வாங்கினீர்களா?"

கடைசி இரண்டு கேள்விதான் முக்கியம். விலையை எல்லாரும் ஒரு வருடம் கூட்டிக் கொடுத்துவிடலாம். ஜூனில் முன்பணம் கொடுத்து, அதற்காக விலையைக் குறைக்காமல், அடுத்த வருடமும் வந்து நிற்பவர் ஒருவர் இருந்தால் மாமா அந்த வியாபாரியிடம் போக வேண்டியதே இல்லை.

இதை நான்கு பேருக்கு அனுப்பினேன். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் "எங்கள் விவசாயிகள் எங்கள் குடும்பம்" என்று அரைப்பக்கம் எழுதியிருந்தார், அதில் ஓர் எண்கூட இல்லை. (குடும்பத்துக்குள் கணக்குக் கேட்கக் கூடாதாம்.) மூன்றாமவர் எண்ணைச் சொன்னார், அன்றைய வாரிய விலையைவிடக் கிலோவுக்கு 60 ரூபாய் அதிகம், ஆனால் விற்ற பிறகுதான் காசு என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். நான்காமவர் ரசீதைப் பெயர் மறைத்துப் படம் பிடித்தே அனுப்பிவிட்டார். நான் இப்போது வாங்குவது இந்த நான்காமவரிடம், அவர் கொட்டை நான் குடித்ததிலேயே சிறந்தது என்று சொல்ல மாட்டேன், வறுவல் என் நாக்குக்குக் கொஞ்சம் இளசுதான்.

பெயர் சொல்லி ஏதாவது பரிந்துரைக்க முடியுமா?

எங்கே தேடலாம் என்று சொல்கிறேன். ஆந்திரத்தில் அரக்குப் பள்ளத்தாக்கு: ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் பழங்குடி விவசாயிகள் விளைவிப்பது, 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே அரசின் கிரிஜன் கூட்டுறவுக் கழகம் கொள்முதல் விலையை வெளிப்படையாக அறிவித்து வாங்கி, தன் பெயரிலேயே தூளும் விற்கிறது. நாந்தி அறக்கட்டளையோடு சேர்ந்த விவசாயிகள் கூட்டுறவின் அரக்கு காபி இன்னொரு பக்கம், அதன் விலை நம் பட்ஜெட்டைக் கொஞ்சம் பதம் பார்க்கும். பக்கத்திலேயே வேண்டும் என்றால் கோத்தகிரியின் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம், பங்குதாரர்களே நீலகிரிப் பழங்குடிகள், தேன், மிளகோடு காபியும் உண்டு, லாஸ்ட் ஃபாரஸ்ட் கடைகளில் கிடைக்கும். கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலைச் சோலிகர் பழங்குடிகளிடம் வாங்கி விற்கிற பிளாக் பாசா என்ற நிறுவனமும் உண்டு. காபி வாரியமே குடகு, சிக்கமகளூர்க் காபியை ஆன்லைனில் விற்பனைக்கு விட்டிருக்கிறது.

இவர்களிடமும் மேலே உள்ள கேள்விகளைக் கேளுங்கள். நல்ல பெயர் இருப்பதால் விலக்கு இல்லை.

தெருமுனையில் அரைத்துக் கொடுக்கும் கடையை விட்டுவிட வேண்டுமா?

எதற்கு? நாற்பது வருடமாக அதே தோட்டக்காரரிடம் அல்லது அதே பட்டிவீரன்பட்டி மண்டியிடம் வாங்குகிற கடைகள் நம் ஊர்களில் இருக்கின்றன. இன்ஸ்டாகிராமில் கதை சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். பீபெரி அரைக்கிலோ, பிளான்டேஷன் ஏ அரைக்கிலோ என்று வாங்கும்போதே, "அண்ணே, கொட்டை எங்கேர்ந்து வருது?" என்று கேளுங்கள். பிளான்டேஷன் என்றால் கழுவிப் பதப்படுத்திய அராபிகா, பீபெரி என்றால் பழத்துக்குள் இரட்டைக்குப் பதிலாக ஒற்றையாக உருண்டு விளைந்த கொட்டை. கூரியர் காசும் பை காசும் மிச்சம், மிஷினிலிருந்து சூடாக இறங்கும் தூளின் வாசனை இலவசம்.

சிக்கரி கலந்தால் தப்பா?

ருசிக்குக் கலந்தால் தப்பில்லை, எங்கள் அம்மா 80க்கு 20-இல்தான் நிற்கிறார். சிக்கரி ஒரு கிழங்கு, வேரை வறுத்து அரைத்தது, காபியைவிட மிக மலிவு. காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டின் அளவையும் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும் என்பது விதி. அதனால் கிலோ விலையை ஒப்பிடும்போது சிக்கரியைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். 60க்கு 40 பாக்கெட் மலிவாகத் தெரிவதற்குக் காரணம் அந்த 40.

ரோபஸ்டா என்றால் மட்டம்தானே?

அந்தப் பேச்சை விடுங்கள். கும்பகோணத்திலிருந்து மைலாப்பூர் வரை ஃபில்டரில் கெட்டியாக இறங்கும் டிகாக்ஷனில் ரோபஸ்டாவின் உழைப்பும் இருக்கிறது. வயநாட்டு ரோபஸ்டாவுக்குப் புவிசார் குறியீடே உண்டு. அராபிகாவை அரிக்கிற தண்டுத் துளைப்பான் பூச்சி இதை அவ்வளவாகத் தொடாது, விவசாயிக்குத் தலைவலி குறைவு. கணக்கு மட்டும் வேறு: செர்ரியாக விற்றால் 50 கிலோ மூட்டையில் தேறுவது 26, 27 கிலோதான், வியாபாரிகள் இதை அவுட்டர்ன் என்பார்கள், பேரமே அந்த ஓரிரு கிலோவில்தான் நடக்கும். மூட்டை 10,000 என்றால் வறுத்த கொட்டை கிலோ 450-ஐத் தொடும்.

மாதாமாதம் இவ்வளவு செலவழிக்க முடியாதே?

கோப்பைக் கணக்குப் பாருங்கள். வீட்டு ஃபில்டரில் ஆளுக்குப் பத்து கிராம் தூள் போட்டால் 250 கிராமில் 25 கோப்பை. 500 ரூபாய்ப் பாக்கெட் என்றால் கோப்பைக்கு 20 ரூபாய். 400 ரூபாய்ப் பாக்கெட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் கோப்பைக்கு 4 ரூபாய். அதுவும் முடியாத மாதங்கள் உண்டு, எனக்கும் உண்டு. அப்போது வீட்டுக்கு வழக்கமான கடைத் தூள், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இந்தக் கொட்டை. நியாயமான கொட்டை வாங்க முடியவில்லையே என்று குற்ற உணர்ச்சியோடு காபி குடித்தால் காபியும் கசக்கும், வேறொன்றும் நடக்காது.

அரை விலைத் தள்ளுபடி வந்தால் வறுத்த தேதியைப் பாருங்கள். பாக்கெட் போட்ட தேதி இல்லை, வறுத்த தேதி. நான்கைந்து மாதம் ஆனதைத் தள்ளிவிடுகிறார்கள் என்றால் அது உங்களுக்கு லாபம் இல்லை. வறுத்து ஒரு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் குடித்துவிடுவது நல்லது, அதனால் ஒரு கிலோவாக வாங்கிச் சேர்க்க வேண்டாம், பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஆர்டர் போட்டால் கூரியர் காசு பாதியாகும்.

புனுகுப் பூனை காபி?

பழத்தைத் தின்ற புனுகுப் பூனையின் எச்சத்திலிருந்து எடுக்கிற கொட்டை அது. வேண்டாம். கூண்டில் அடைத்துப் பழம் ஊட்டுகிறார்களா, காட்டில் பொறுக்கியதா என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

எத்தியோப்பியா, கொலம்பியாக் கொட்டை?

ருசிக்கு ஒருமுறை வாங்கிப் பாருங்கள். இறக்குமதி வரி பொதுவாக 100 சதவீதம், நீங்கள் கொடுக்கிற கூடுதல் காசில் நல்ல பங்கு சுங்கத்துக்குப் போகிறது, எத்தியோப்பிய விவசாயிக்கு இல்லை.

பச்சைக்கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுக்கலாமா?

தாராளமாக. பாட்டி காலத்தில் அப்படித்தானே, உருளையை அடுப்பில் சுற்றி வறுப்பார்கள். பச்சைக்கொட்டை மாதக்கணக்கில் கெடாது, தோட்டக்காரரிடம் நேராகவே ஐந்து கிலோ வாங்கலாம், நடுவில் ஆளே இல்லை. மாமாவிடம் நான் வாங்குவது இப்படித்தான், வாரிய விலையில் பச்சைக்கொட்டைக் கணக்குப் போட்டு அதற்கு மேல் நூறு ரூபாய் வைத்து. முதலில் "வீட்டுப் பிள்ளைகிட்டக் காசா?" என்றார், இப்போது பொங்கலுக்கு முன்பே "இந்த வருஷம் எத்தனை கிலோ மாப்ள?" என்று போன் வந்துவிடுகிறது.

கனமான இரும்புச் சட்டி, மிதமான தீ, 200 கிராமுக்கு மேல் போடாதீர்கள், கரண்டியை நிறுத்தவே கூடாது. பத்து நிமிடம் போலக் கழித்துக் கடுகு வெடிப்பதைவிடக் கொஞ்சம் கனமாகப் படபடவென்று ஒரு சத்தம் வரும், அது அடங்கியதும் இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் ஃபில்டருக்குச் சரியான நிறம். உடனே முறத்தில் கொட்டி விசிறுங்கள், தோல் பறக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொடியில் துணி காய்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், என் மனைவியின் பட்டுப்புடவை இரண்டு வாரம் காபி வாசனை அடித்தது.